குண்டசாங் இறக்கம்

மறுபடியும் மேட்டில் கார் கொதித்தது. பின்சீட்டில் இருந்த இரண்டு பள்ளி ஆசிரியைகளும் இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார்கள். லிட்வினா முன்மூடியைத் திறந்து வைத்துவிட்டு, ஆவி அடங்கும் வரை தூறலில் நின்றாள்.

விடிந்ததும் மலைமேல் இருக்கும் குண்டசாங்கிலிருந்து முட்டைக்கோசு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ரானாவ் சந்தைக்கு இறங்குவாள். திரும்பி ஏறும்போது ஆட்களை ஏற்றிக்கொள்வாள். அதுதான் அவள் பிழைப்பு. கணவன் லபுவான் தீவில் கப்பல் பட்டறையில் இருந்தான். இரண்டு பெண்பிள்ளைகளையும் வீட்டையும் அந்தக் கார்தான் இழுத்துக்கொண்டு போனது. இப்போது அதற்குத் தன்னையே இழுத்துக்கொள்ளத் தெம்பு இல்லை. பின்னால் நீலப் புகை, முன்னால் வெள்ளை ஆவி.

தம்பி ஜூப்ரின் அன்று மாலை காரைச் சோதித்தான். கோத்தா கினபாலு நகரத்தில் ஒரு பட்டறையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாகத் தொழில் செய்ய ஊர் திரும்பியிருந்தான். வீட்டுக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகை போட்டிருந்தான். இதுவரை மோட்டார் சைக்கிள்கள்தான் வந்திருந்தன.

"கேஸ்கெட் போச்சு. பிஸ்டன் வளையமும் தேஞ்சுபோச்சு. தண்ணியில எண்ணெய் கலந்திருக்கு," என்றான். "இதைப் பிரிச்சு சரி பண்றது பொணத்துக்குப் பவுடர் போடற மாதிரிக்கா."

"பொணம் காலையில ஏழு மூட்டை கோசு தூக்கிட்டுப் போச்சுடா."

"நாளைக்குத் தூக்காது. நான் சொல்றதைக் கேளு. ஜப்பான்லேர்ந்து முன்பாதியை மட்டும் வெட்டி அனுப்பற பழைய வண்டியில டர்போ இன்ஜின் கிடைக்குது. ஆட்டோ கியரோடவே வரும். தூக்கி உள்ள வெச்சுட்டா இந்த மேடெல்லாம் உனக்குச் சமதரை."

"பழைய கார்டா. தாங்குமா?"

"லாரன்ஸ் அண்ணன் கார் தாங்கலையா? இதே மாடல், இதே வருஷம். யாரு மாத்திக் கொடுத்தது? நான்தான்."

அவன் குரலில் இருந்த பெருமிதம் அவளுக்குப் புரிந்தது. அக்கா கார் புது இன்ஜினோடு சந்தைக்கு முன்னால் நின்றால் ஊரே அவன் கொட்டகைக்கு வரும். வேண்டாம் என்றால், சொந்த அக்காவே நம்பவில்லை என்று ஆகிவிடும். அதனால்தான் அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"அப்ப லாரன்ஸ் அண்ணன் காரை நான் ஒரு தடவை ஓட்டிப் பாக்கறேன். கோசு ஏத்திக்கிட்டு," என்றாள்.

"ஓட்டிப் பாரு. கோசு எதுக்கு?"

"நான் தினம் தனியாவா போறேன்?"

மலையேற வருகிறவர்களுக்கு விடுதி நடத்தும் லாரன்ஸ் அந்தக் காரை மாப்பிள்ளை மாதிரி வைத்திருந்தான். கோசு என்றதும் முகம் சுளித்தான்.

"தங்கச்சி, சீட்டெல்லாம் நாறும்பா!"

"பிளாஸ்டிக் விரிச்சுக்கறேன் அண்ணே. உங்க காரைப் பாத்துத்தான் முடிவு பண்ணணும்னு இவன் ஒத்தக்கால்ல நிக்கிறான்."

அதைக் கேட்டதும் லாரன்ஸ் குளிர்ந்துபோனான். "ஓட்டிப் பாரு, ஓட்டிப் பாரு. அப்புறம் உன் காரைத் தொடவே மாட்டே." சாவியைக் கொடுத்துவிட்டு, அப்போதுதான் வந்து இறங்கிய விருந்தாளிகளைப் பார்க்க உள்ளே போனான்.

பின்சீட்டிலும் டிக்கியிலும் மூட்டைகளை அடுக்கினார்கள். ஜூப்ரின் பக்கத்தில் உட்கார்ந்தான். முதலில் மேல்நோக்கி, மலையேறுகிறவர்கள் கூடும் தேசியப் பூங்கா வாசல் வரை ஏற்றிப் பார்ப்பது என்று பேச்சு.

மிதித்ததும் கார் பாய்ந்தது. லிட்வினாவின் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. வழக்கமாக முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும் வளைவை என்ன ஏது என்று யோசிப்பதற்குள் கடந்துவிட்டாள். மணல் ஏற்றிய லாரி ஒன்றை முந்தியபோது அவளை அறியாமலே சிரித்துவிட்டாள்.

"எப்படி?" என்றான் ஜூப்ரின். அவன் சாலையைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிசாசுடா இது."

"அப்ப மாத்திடலாமா?"

மாத்திடலாம் என்று வாய் வரை வந்தது. "இறக்கிப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றாள்.

பூங்கா வாசலில் திருப்பி, குண்டசாங் சந்தையைத் தாண்டி, ரானாவ் பக்கம் இறங்கத் தொடங்கியபோது பனிமூட்டம் சாலையைத் தொட்டிருந்தது. தன் காரில் என்றால் இந்த இடத்தில் இரண்டாவது கியரைப் போட்டு விட்டுவிடுவாள். இன்ஜினே காரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிரேக்கில் கால் வைப்பதே அபூர்வம். இது ஆட்டோ கியர். காலை எடுத்தால் கார் தன்பாட்டுக்கு உருண்டது, மூட்டைகளின் கனம் பின்னாலிருந்து தள்ளியது. பிரேக்கை அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள்.

சில வளைவுகள் தாண்டியதும் கருகல் வாசனை வந்தது.

"என்ன வாசனைடா?"

"முன்னால போற லாரியா இருக்கும்."

முன்னால் லாரி எதுவும் இல்லை.

அடுத்த வளைவில் பிரேக் மிதி முன்பைவிட ஆழமாகப் போனது. அதற்கடுத்ததில் இன்னும் ஆழமாக. ஈரத் துணியை மிதிப்பது போல இருந்தது. 

"ஜூப்ரின். இன்ஜின் மாத்தினப்ப பிரேக்கையும் மாத்தினியா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கேக்கறேன்ல!"

"லாரன்ஸ் அண்ணன் வேணாம்னாரு. தனியாத்தானே ஓட்டறேன், அப்புறம் பாத்துக்கலாம்னாரு. நானும் விட்டுட்டேன்."

"பழசே போட்டிருக்கா?"

"பழசுதான்."

அவள் வைய வாயெடுத்தாள். அதற்குள் மிதி தரையைத் தொட்டது. கார் நிற்கவில்லை. வேகம் கூடியது.

"கியரைக் கீழ இழுடா! கடைசிக்கு இழு!"

ஜூப்ரின் கியர்த் தண்டைக் கடைசி வரை இழுத்தான். இன்ஜின் ஒரு கணம் உறுமியது, ஆனால் அந்த வேகத்தில் கியர் இறங்க மறுத்தது. இடதுபுறம் தடுப்புக் கம்பி, அதற்கப்பால் வெறும் வெள்ளைப் பனி. அந்தப் பனிக்குக் கீழே எவ்வளவு ஆழம் என்று அவளுக்குத் தெரியும். வலதுபுறம் மலைச்சுவர். எதிரிலிருந்து ஒரு பேருந்தின் விளக்குகள் மங்கலாக ஏறி வந்தன.

"கம்பில உரசிடுக்கா! உரசி நிறுத்திடு!"

"கம்பி இந்தக் கனத்தைத் தாங்காதுடா!"

கைப்பிரேக்கை ஒரேயடியாக இழுத்தால் பின்பக்கம் சுழன்றுவிடும். பொத்தானை அழுத்திக்கொண்டே கொஞ்சம் இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். பின்சக்கரம் கிறீச்சிட்டது. வேகம் ஒரு சிறிது குறைந்தது. கியர் சட்டென்று விழுந்து காரை உதறியது. மூட்டை ஒன்று அவிழ்ந்து கோசுகள் ஜூப்ரின் தோளில் மோதி உருண்டன. அவன் இரண்டு கைகளாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஜெபத்தின் முதல் வரியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுத்த வளைவுக்கு அப்பால், வலதுபுறம், சிற்றாலயத்துக்கு ஏறும் மண்சாலை பிரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கிழவிகளை ஏற்றிக்கொண்டு அவள் போகிற சாலைதான். செங்குத்தானது, சரளைக்கல் போட்டது. ஆனால் அதற்குப் போக எதிர்த்தடத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். பேருந்து அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தது.

பேருந்து தாண்டும் வரை பொறுத்தால் திருப்பம் கைவிட்டுப் போய்விடும். அதற்கப்புறம் அடிவாரம் வரை வேறு மேடே கிடையாது.

ஹார்ன் மேல் கையை வைத்து அழுத்தினாள், எடுக்கவே இல்லை. முன்விளக்கை ஜூப்ரின் அணைத்து அணைத்துப் போட்டான். பேருந்துக்காரனுக்கு என்ன புரிந்ததோ, சடாரென்று பிரேக் போட்டுக் குலுங்கி நின்றான். நின்ற பேருந்துக்கும் மண்சாலைக்கும் நடுவில், ஒரு கார் நுழையும் இடைவெளியில், அவள் குறுக்கே பாய்ந்தாள். பேருந்தின் முகப்பு ஜூப்ரின் பக்கத்து ஜன்னலை நிறைத்து மறைந்தது. சரளைக்கற்கள் காரின் அடிவயிற்றில் படபடவென்று அடித்தன. கார் மேட்டில் ஏறி, தயங்கி, மெல்லப் பின்னால் உருளப் பார்த்தது. கைப்பிரேக்கை முழுதாக இழுத்தாள்.

நின்றது.

 முன்சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பேருந்துக்காரன் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"என்னம்மா, சாகறதுன்னா தனியாப் போய்ச் சாகக் கூடாதா? என் வண்டியில நாப்பது பேர் இருக்காங்க!"

"பிரேக் போயிடுச்சு அண்ணே," என்றாள் லிட்வினா.  

அவன் புகையைப் பார்த்தான். திட்டுவதை நிறுத்திவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் வைக்க இரண்டு கற்களைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

ஜூப்ரின் இறங்கிச் சாலையோரப் புல்லில் வாந்தியெடுத்தான். லிட்வினா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

சக்கரங்கள் ஆறியபின் மிதியில் கொஞ்சம் பிடிமானம் திரும்பியது. "இப்ப பிடிக்குதுக்கா," என்றான் அவன். "பிடிக்கட்டும். நான் ஓட்ட மாட்டேன். நீயும் ஓட்டக் கூடாது," என்றாள். மூட்டைகளைப் பேருந்துக்காரனே மேலே குண்டசாங் சந்தைக்கு ஏற்றிப் போனான். காரை இழுவை வண்டி வைத்துத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

லாரன்ஸ் வாசலில் நின்று குதித்தான். "நல்லா இருந்த காரை இவ கெடுத்துட்டா! கோசு மூட்டை ஏத்தாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"அக்கா கெடுக்கல அண்ணே," என்றான் ஜூப்ரின். "பிரேக்கை மாத்தாம அன்னிக்கு உங்ககிட்ட சாவியைக் கொடுத்தது என் தப்பு. நீங்க வேணாம்னாலும் நான் அப்படி விட்டிருக்கக் கூடாது. உங்க பிள்ளைகளை இதுல ஏத்திக்கிட்டுக் கீழ போகாதீங்க. நான் சரி பண்ணிக் கொடுக்கற வரைக்கும் எடுக்காதீங்க."

"உன்கிட்டயா? இனிமே உன்கிட்டயா?" என்று லாரன்ஸ் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்தினான். பின்னால் அந்தக் காரை நகரத்துப் பட்டறைக்கு அனுப்பிப் பிரேக்கை மாற்றினான் என்று கேள்விப்பட்டார்கள். ஜூப்ரினோடு அவன் அப்புறம் பேசவில்லை.

அன்று சாப்பாட்டில் அவனுக்குப் பிடித்த பம்பாங்கான் என்ற காட்டுமாங்காய் ஊறுகாய் இருந்தும் ஜூப்ரின் சோற்றை அளைந்துகொண்டே இருந்தான்.

"அக்கா, எல்லாத்தையும் சேத்துச் செய்யலாம்," என்றான் கடைசியில். "முன்னால பெரிய பிரேக் டிஸ்க், பின்னாலயும் டிஸ்க், பிரேக் பம்பு, பெரிய ரேடியேட்டர், இன்ஜின் தாங்கி. கியரும் கை கியராவே போடலாம். போக்குவரத்து ஆபீஸ்ல சோதனைக்கு விட்டு இன்ஜின் நம்பரையும் முறையா மாத்திடலாம்."

"எல்லாம் செஞ்சா நல்லா ஓடுமா?"

"ஓடும்."

"பயமில்லாம இறங்குமா?"

"இறங்கும். இந்தத் தடவை சத்தியமாச் சொல்றேன்."

"சரி. நீ மெக்கானிக். நான் கோசு ஏத்தற பொம்பளை. உன் அக்காங்கறதை மறந்துட்டுச் சொல்லு. எனக்கு அது வேணுமா?"

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பெண்பிள்ளைகள் இருவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மாமாவைப் பார்த்தார்கள்.

"வேணாம்," என்றான். சொல்லும்போது கண் கலங்கியது. "அவ்வளவு செலவழிச்சாலும் காரோட உடம்பு பழைய உடம்புதான். உனக்கு வேகம் வேணாம். கொதிக்காம ஏறினாப் போதும். இதே சின்ன இன்ஜின், தேயாத ஒண்ணு கிடைச்சா அதுவே உனக்குப் போதும். நான்தான் என் கடைக்காக…"

"தெரியும்டா. சாப்பிடு."

மலைக்குக் கீழே தம்பாருலி ஊரில், உடைத்து விற்கும் பழைய வண்டிகள் குவித்த ஒரு கொல்லையில் தேடினார்கள். முதலில் பார்த்த இன்ஜின் வெளியே பளபளத்தது. ஜூப்ரின் தண்ணீர்க் குழாயைக் கழற்றி விரலை விட்டான், செந்துரு ஒட்டிக்கொண்டு வந்தது. கடைக்காரன் விலையைக் குறைத்தும் வேண்டாம் என்றுவிட்டான். மரம் விழுந்து கூரை நசுங்கிய இன்னொரு காரில், அடிபடாத இன்ஜின் ஒன்று கிடைத்தது. அதை அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து, சூடேறும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.  அவன் தலையாட்டியபின்தான் லிட்வினா பணப்பையைத் திறந்தாள்.

இன்ஜினை உள்ளே வைத்து முடித்ததும் அவள் சாவிக்குக் கை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை.

"நாளைக்கு எடுத்துக்கோ," என்று, பிரேக்குகளைப் பார்க்க நான்கு சக்கரங்களையும் கழற்ற ஆரம்பித்தான்.

மறுநாளும் பிரேக் வேலை நீண்டதால் சந்தைக்கு அவளால் போக முடியவில்லை. அதற்கடுத்த நாள் மூட்டைகளோடு இரண்டாவது கியரில் இறங்கி, மதியம் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு திரும்பி ஏறினாள். மெதுவாகத்தான் ஏறியது. பின்சீட்டிலிருந்து ஒரு ஆசிரியை, "லிட்வினா, இதுக்கா இத்தனை நாள் எங்களைக் காக்க வெச்சே? நடந்தே போயிருக்கலாம்பா," என்றாள்.

"இறங்கி நடங்க டீச்சர், மேல போய்க் காத்திருக்கேன்," என்றாள் லிட்வினா.

மேடு முடியும் வரை வெப்பம் காட்டும் முள் நடுவிலேயே நின்றது.