நாலாம் லேயரில் ஒரு வாத்து

யாவோரிடம் கணினி ஓவியப் பட்டறைச் சான்றிதழ்கள் ஆறு இருந்தன. முடித்த ஓவியம் ஒன்றுகூட இல்லை. இது ஏழாவது பட்டறை. தேறினால் ப்லொவ்திவ் நகரிலேயே ஒரு வீடியோ கேம் நிறுவனத்தில் பயிற்சி இடம். தேறாவிட்டால் திங்கட்கிழமை முதல் பக்கத்து ஊரான அசெனோவ்கிராடில் மாமாவின் டயர் கடை. ஒன்பது பேருக்கு ஒரே ஓர் இடம். அது யாருக்கு என்று தீர்மானிப்பவர் ஆசிரியர் பொகோமில்.

பொகோமில் சமத்துவவாதி. "என்னை சார்னு கூப்பிடாதீங்க, பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அப்படியே கூப்பிட்ட சக மாணவி நெவேனாவை அதன்பின் அவர் திரும்பியே பார்க்கவில்லை. ஜூலை வெயிலிலும் சிவப்பு மஃப்ளர், காதில் செருகிய டிஜிட்டல் பேனா. பேசும்போது கழுத்து முன்னே நீளும். 'ஆன்மா' என்ற சொல் வந்தால் கண்கள் தாமாக மூடிக்கொள்ளும்.

ஆளுக்கொரு சொந்தப் படைப்பு கட்டாயம். யாவோர் பண்டைய அரசி ஒருத்தியைக் குதிரையில் ஏற்றினான். குதிரைக்குக் கால் வரைய வரவில்லை, புல் வளர்ந்தது. அரசிக்குக் கை வரவில்லை. கைகள் போர்வைக்குள் போயின. முகவாய் கோணியது, மூடுபனி இறங்கியது. திரையை எட்டு மடங்கு பெரிதாக்கி, ஒரே ஒரு புருவத்தை மூன்று வாரம் மயிர் மயிராக வரைந்தான்.

"பனி ரொம்ப தத்ரூபமா இருக்குடா," என்றாள் நெவேனா. "உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"போடி. உனக்கு ரசனை பத்தாது."

கடைசி நாள். பெரிய திரையில், படத்தின் அடுக்குகளான லேயர்கள் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து, படம் வளர்ந்த விதத்தைக் காட்ட வேண்டும். யாவோரின் படத்தில் இருநூற்றுப் பதினோரு லேயர்கள். அவற்றுக்குப் பெயர் வைக்கும் பாடம் நடந்தபோது அவன் வெளியே பனிட்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரம் தின்றுகொண்டிருந்தான். எனவே எல்லாம் வெறும் எண்கள். ஒன்றைத் திறந்தான், புல். இரண்டு, புல். மூன்று, இன்னும் கொஞ்சம் புல்.

நாலைத் திறந்ததும் புல்லுக்கு நடுவே ஒரு வாத்து நின்றது. சிவப்பு மஃப்ளர், தலையோரம் பேனா, நீட்டிய கழுத்து, மூடிய கண்கள். இரண்டாம் நாள் ஆன்மா பற்றிய உரையின்போது மூன்றே நிமிடத்தில் கிறுக்கி, மறைத்து, மறந்துபோனது.

யாவோர் மனத்துக்குள் டயர் கழற்றத் தொடங்கினான்.

பொகோமில் எழுந்து திரையருகே போய்க் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "இது யாரு?"

"சும்மா... ஒரு வாத்து சார்."

"சும்மா இல்ல தம்பி. தலைக்கனம் பிடிச்ச வாத்து. ஏதோ உளறுது, தான் உளறுறதத் தானே ரசிக்குது." கண்களை மூடிக்கொண்டார். "இதுல இருக்குய்யா ஆன்மா."

நெவேனாவுக்கு இருமல் வந்தது. அது நொடியில் மற்ற ஏழு பேருக்கும் தொற்றியது.

"இந்த மாதிரி ஆளுங்க நம்ம தொழில்ல நிறைய. உங்களுக்கு அனுபவம் பத்தாது, புரியாது," என்றார் இருமியவர்களிடம். பிறகு யாவோரிடம்: "ராணிய அழிச்சிடு. இடம் உனக்குத்தான். கேமுக்கு வாத்து நடக்கிறது, கோவப்படுறதுன்னு முப்பது நிலை வேணும். நானே கூட உக்காந்து திருத்துறேன்."

திங்கட்கிழமை எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"கழுத்து சரியில்ல. வாத்து எப்படி நீட்டும்? இங்க பாரு," என்று பொகோமில் செய்து காட்டினார்.

யாவோர் பார்த்தான், வரைந்தான். மதியத்துக்குள் உதட்டின் உட்புறம் கடிபட்டுப் புண்ணாகிவிட்டது. டயர் கடையில் இந்த மாதிரிக் காயம் பட்டிருக்காது.