இருபத்திரண்டு தோட்டாக்கள்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வில்டா சுட்ட நான்காவது குண்டு குறிக்கு மேலே போனது. காற்று அசையவில்லை. சுட்ட கூட்டை வெளியே தள்ளும் துப்பாக்கியின் போல்டைத் தூக்கப் பார்த்தாள். எப்போதும் இரண்டு விரலுக்கே வழிவிடும் அது, உள்ளங்கையால் தட்டிய பிறகுதான் எழுந்தது. வெளியே விழுந்த பித்தளைக் கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், அழுத்தம் மீறி, தேய்ந்த காசு போலத் தட்டையாகிக் கிடந்தது.

மேற்கொண்டு சுட அவளுக்குத் துணிவு வரவில்லை. டிரக்கின் பின்பலகையை இறக்கி, சுத்தியல் போன்ற பிளாஸ்டிக் கருவிக்குள் ஒரு தோட்டாவை மாட்டி, மரக்கட்டையில் மூன்று முறை ஓங்கி அடித்தாள். குண்டு கழன்றது. உள்ளே இருந்த மருந்தை வெள்ளைத் தட்டில் கொட்டினாள். பென்சில் முனையைப் பொடியாக நறுக்கியது போன்ற குச்சிகள் மட்டும்தான் இருக்க வேண்டும். குச்சிகளுக்கு நடுவே கசகசா போல உருண்டையாக வேறொன்று ஓடியது.

இரண்டு மருந்து கலந்திருந்தது.

வில்டாவுக்கு ஐம்பத்தொரு வயது. மைல்ஸ் சிட்டி தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடும் வேலை. வீட்டுக்கு வந்தால் ஒரு கோதுமை மணியின் எடைகூடப் பிசகாமல் தோட்டாக்களில் மருந்து நிரப்பும் வேலை. அவள் கட்டிய தோட்டாவுக்கு ஆயிரம் கெஜத்துக்கு அப்பாலும் ஐந்து குண்டை ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடக்கும் சீர் இருந்தது. அவள் போட்டிக்குப் போனதில்லை. போனவன் அவள் முன்னாள் புருஷன் ராய்ஸ். விவாகரத்தாகி ஆறு வருஷமாகியும் அவனுக்கு அவள்தான் தோட்டா கட்டிக் கொடுத்தாள். ராய்ஸுக்கு வீடு போச்சு, பெண்டாட்டி போச்சு, தோட்டா மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது என்று துப்பாக்கிச் சங்கத்து ஆட்கள் கேலி பேசுவார்கள். ராய்ஸும் சேர்ந்து சிரிப்பான்.

செவ்வாய்க்கிழமை மாலை நடந்ததை அவள் நினைவில் கிளறினாள். முதலில் ராய்ஸுக்கு நாற்பத்து நான்கு, பிறகு தனக்கு முப்பது. நடுவில் கென்ட் ஃபோன் செய்தான். பாய்சி நகரில் கூரை வேலை ஒப்பந்தம் எடுப்பவன். தன்னோடு வந்து இருக்கும்படி இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். சனிக்கிழமை பத்து மணிக்கு நேரில் வருகிறேன், அன்று பதில் சொல்லிவிடு என்றான். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு என்னவோ சமாளித்தபடி, எடை போடும் எந்திரத்தின் குடுவையில் மருந்து குறைந்திருக்கிறதே என்று பாட்டிலை எடுத்துச் சாய்த்தாள். மேசையில் ஒரு பாட்டிலுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அவளே சுவரில் எழுதி ஒட்டியிருந்த விதி. அன்று இரண்டு இருந்தன. சின்னத் துப்பாக்கிக்கான, சட்டென்று எரியும் வேகமருந்தை எடுத்து வைத்தவள், திரும்ப உள்ளே வைக்கவில்லை.

ஊற்றியது தன் தோட்டாக்களின் முறையிலா, ராய்ஸுடையவற்றின் கடைசியிலா? அதுதான் நினைவுக்கு வரவில்லை.

ராய்ஸ் நேற்றே போட்டிக்காக ரவுண்டப் ஊருக்கு வடக்கே உள்ள சுடும் மைதானத்துக்குப் போய்விட்டான். அங்கே ஃபோன் எடுக்காது. மைதான அலுவலக எண்ணுக்கு ஏழு தடவை அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்து கென்டை அழைத்தாள். அவனும் எடுக்கவில்லை. வீட்டில் இருக்க மாட்டேன், அவசரம், பிறகு சொல்கிறேன் என்று பேசிப் பதிவு செய்தாள். அது தப்பி ஓடுகிறவள் பேசுவது போல அவள் காதுக்கே கேட்டது.

இரண்டரை மணி நேர வழி. வழியில் ஃபோர்சைத்தில் பெட்ரோல் போட்டு, வாங்கிய காபியை டிரக்கின் கூரை மேலேயே வைத்துவிட்டுக் கிளம்பினாள். ரேடியோவைப் போட்டாள், அணைத்தாள். ஒவ்வொரு மேட்டிலும் ஃபோனைப் பார்த்தாள். மருந்து மீறி வெடித்தால், ராய்ஸின் முகத்துக்கு நாலு விரல் தள்ளி அந்த போல்ட் இருக்கும் என்பது தவிர மனதில் வேறெதுவும் நிற்கவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது முதல் சுற்று முடிந்திருந்தது. ராய்ஸ் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். இரண்டு கண்ணும், பத்து விரலும் இருந்தன.

"வந்துட்டியா? போர்டைப் பாரு. இருநூத்துக்கு நூத்தித் தொண்ணூத்தெட்டு. முதல் இடம். இந்த மாதிரி நான் சுட்டதே இல்ல, வில்டா."

"மிச்சத்தச் சுடாத."

அவன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். நடந்ததை அவள் சொல்லச் சொல்ல மென்றுகொண்டிருந்ததை விழுங்கக்கூட மறந்தான்.

அவனுக்குக் கடைசியாகக் கட்டிய தோட்டாவை மட்டும் உடைத்துப் பார்த்தால் போதும், அது சுத்தம் என்றால் எல்லாமே சுத்தம் என்றாள். வரிசைப்படிதான் அடுக்கிக் கொடுத்திருந்தாள்.

ராய்ஸ் பெட்டியைப் பார்த்தான். "வரிசை இல்ல."

"இல்லன்னா?"

"ஒவ்வொண்ணா உருட்டிப் பாத்தேன். நேரா இருக்கறத எல்லாம் முன்னால வெச்சேன்."

"என் வேலைய நீ சரிபாத்தியா?"

"ஆறு வருஷமா பாக்கறேன். ஒரு தடவகூட தப்பு கண்டுபிடிக்க முடியல. அந்த எரிச்சல்லயே பாக்கறேன்."

இரண்டாம் சுற்றுக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. சுட்டுத் தீர்ந்த இருபத்திரண்டும் சுத்தமாகத்தானே இருந்தது, மிச்ச இருபத்திரண்டு மட்டும் ஏன் கெட்டிருக்கப் போகிறது என்று ராய்ஸ் வாதாடினான். வாழ்நாளில் ஒரே ஒரு முறை முன்னால் நிற்கிறேன் என்றான். அவள் குண்டு கழற்றும் கருவியை எடுத்து நீட்டினாள்.

அவன் அதை வாங்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"பதினோராவது குண்டு மேல போச்சு. போல்டு இறுகிச்சு. வெயில்னு நெனச்சுக்கிட்டேன்."

"நெனச்சுக்கிட்டியா?"

"நெனச்சுக்க ஆசைப்பட்டேன்."

கருவியை வாங்கி அவனே அடிக்க ஆரம்பித்தான். அவள் தட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு, எல்லாம் சுத்தமான குச்சிகள். ஒவ்வொன்றுக்கும் ராய்ஸ் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையசைத்து அடுத்ததைக் காட்டினாள். தான் பைத்தியக்காரத்தனம் பண்ணுகிறோமோ, மூன்றாவது முறையாக இந்த மனுஷனிடமிருந்து எதையோ பிடுங்குகிறோமோ என்று அவளுக்குப் புழுங்கியது. ஒன்பதாவதைக் கொட்டினார்கள். தட்டில் கசகசா உருண்டது. பாதிக்குப் பாதி இருந்தது.

அவள் சுட்டதில் இவ்வளவு இல்லை. ராய்ஸ் அடுத்ததை மாட்டினான். பதினேழாவதில் இன்னொன்று கிடைத்தது.

ஒலிபெருக்கியில் ராய்ஸின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் நடந்துபோய்ப் போட்டி நடத்துபவரிடம் விலகிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தான். நூற்றுத் தொண்ணூற்றெட்டு அடித்தவன் எதற்கு விலகுகிறான் என்று யாரோ கேட்டதற்கு, தோட்டா தீர்ந்துபோச்சு என்று மட்டும் சொன்னானாம். வில்டாவின் பெயரைச் சொல்லவில்லை.

திரும்பி வந்து பின்பலகையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு ஃபோன்ல யாரு?"

சொன்னாள். பாய்சி, கூரை வேலை, இரண்டு மாதம், இன்று பத்து மணி என்று எல்லாம்.

"நல்ல ஆளா?"

"நல்ல ஆளுதான்."

"அப்ப ரெண்டு மாசமா என்ன யோசன?"

"அதான் எனக்கும் தெரியல, ராய்ஸ். உக்காந்தா எந்திரிக்கணும்னு இருக்கு. எந்திரிச்சா எங்க போறதுன்னு தெரியல."

அவன் தலையாட்டினான். பிறகு எழுந்து மற்றவர்களுக்கு இலக்குப் பலகை ஏற்றி இறக்க, இலக்குகளுக்குக் கீழே இருந்த குழிக்குள் போய்விட்டான். அவள் கடைசிக் குண்டு வரைக்கும் இருந்து பார்த்தாள். முதல் சுற்றில் நூற்றுத் தொண்ணூற்றைந்தே அடித்திருந்த ஒரு பல்வைத்தியர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

கென்ட் அவள் வீட்டுப் படியில் இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு விடுதிக்குப் போயிருந்தான். அன்று மாலையே அங்கே போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். முன்னாள் புருஷன் உயிரோடு இருப்பதில் எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் இன்னும் காத்திருக்க எனக்குத் தெம்பு இல்லை என்றான். அவள் அவனை இருக்கச் சொல்லவில்லை. மறுநாள் விடியுமுன் அவன் கிளம்பிவிட்டான். ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பாய்சியை நினைத்துத் தூக்கம் கெடுவது அதோடு நின்றது.

அடுத்த மாதம் ராய்ஸ் காலிக் கூடுகளோடு வந்தபோது அவள் வாங்க மறுத்தாள். தோட்டா கட்டும் பழைய அழுத்துப்பொறியை அவன் டிரக்கில் ஏற்றி, இனிமேல் உன் உயிருக்கு நீயே எடை போட்டுக்கொள் என்றாள். கோபமா என்று கேட்டான். இல்லை, பயம் என்றாள்.

ஆகஸ்டுப் போட்டியில் தன் பெயரையும் எழுதினாள். ராய்ஸ் தானே கட்டிய தோட்டாவோடு பதினான்காம் இடத்துக்கு வந்து, வந்ததே பெரிசு என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். வில்டா முதல் முறையாகப் பாயில் குப்புறப் படுத்துத் தொலைநோக்கியில் கண்ணை வைத்தபோது காற்று இடமிருந்து வலமாக, பிறகு வலமிருந்து இடமாக, நிலைகொள்ளாமல் அடித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் அது ஓயக் காத்திருந்தார்கள். அவள் காத்திருக்கவில்லை.