சுவரில் எஞ்சிய கைத்தடம்

சாவு நேர்ந்த அறைகளைத் துப்புரவு செய்து கொடுப்பது அந்த அம்மாளின் தொழில். துணைக்கு இருந்தவர் அவருடைய கொழுந்தன். நாற்பது வயதைக் கடந்தும் வாய் ஓயாத மனிதர் என்பதால், அவருக்கு ரேடியோ என்ற பெயர் நிலைத்துவிட்டது. ரேடியோ அழைப்பதைப் போலவே நாமும் அந்த அம்மாளை அண்ணி என்றே அழைப்போம்.

அன்று அவர்களுக்கு வாய்த்தது ஒரு சமையலறை. இரவில் தண்ணீர் குடிக்க வந்த பெரியவர் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு இறந்துபோயிருந்தார். காவலர்கள் வந்து பார்த்து, விபத்துதான் என்று முடித்துவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறை. அங்கே அவர் மனைவி, காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு உறங்கிக்கொண்டிருந்திருக்கிறார். விடிந்ததும் கணவர் கிடந்த கோலத்தைக் கண்டு மயங்கிச் சரிந்தவர், அதன்பின் அந்த அறையில் கால் வைக்கவே இல்லை.

கதவைத் திறந்துவிட்டபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அவர் என்னைக் கூப்பிட்டிருப்பாராம்மா? உங்களுக்குப் பார்த்தாலே தெரியும்னு சொன்னாங்க.”

“முதல்ல வேலையை முடிச்சிடறோம்மா,” என்று அண்ணி நழுவிக்கொண்டார்.

உள்ளே சென்றதுமே விடை தெரிந்துவிட்டது. படுக்கையறைச் சுவரில், தரையை ஒட்டினாற்போல் வரிசையாக இரத்தக் கைத்தடங்கள். எழ முடியாமல் கிடந்தவர் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார்.

அறை வாசலில் பிளாஸ்டிக் திரையை ஒட்டிய பிறகே அவர்கள் வேலையைத் தொடங்குவார்கள். கடைசிக் கறை போகும்வரை அதை விலக்கக் கூடாது என்பது அண்ணியின் கண்டிப்பு. தரை முடிந்து, சுவரில் ஒரே ஒரு தடம் மிச்சமிருந்தபோது ரேடியோ முனகினார்.

“இந்தப் பிளாஸ்டிக் உடுப்புக்குள்ள இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா, என்னைத் துடைச்செடுக்க வேற ஆளுங்களைத்தான் கூப்பிடணும், அண்ணி.”

“உன் வாயை மட்டும் துடைக்கவே அவங்களுக்குப் பொழுது போயிடும். குனிஞ்சு வேலையைப் பாரு.”

காற்றுக்குத் தவித்த ரேடியோ, அண்ணி முதுகைத் திருப்பியிருந்த நேரம் பார்த்துத் திரையின் ஓரத்தைப் பிய்த்துவிட்டார். திரை மொத்தமாகச் சரிந்தது. வெளியே பெரியவரின் மனைவி நின்றுகொண்டிருந்தார்.

“அது... அவர் கையா?”

“ஆமாம்மா.”

“ஒண்ணுதானா?”

அண்ணி தடத்தை ஒருமுறை பார்த்தார். “ஒண்ணுதாம்மா. விழுந்ததும் பிடிமானத்துக்கு ஊன்றியிருப்பார். தட்டியிருந்தா நிறைய இருக்கும்.”

அந்த அம்மாள் மெல்ல உள்ளே வந்து, சுவரோரம் உட்கார்ந்து, தடத்துக்குப் பக்கத்தில் கையை வைத்தார். ஈரம். கையை நகர்த்தினார். அங்கும் ஈரம். அதற்கு அடுத்தும் ஈரம். மேலே சுவர் காய்ந்தே கிடந்தது. அண்ணியின் பொய் நடுவீட்டில் பல்லிளித்துக்கொண்டு நின்றது.

“என் தூக்கம் கெடக்கூடாதுன்னு ராத்திரியில விளக்குகூடப் போடமாட்டார்,” என்றார் அந்த அம்மாள். “அன்னைக்கு எழுப்பிப் பார்த்திருக்கார்.”

அழுது ஓய்ந்த பிறகு அந்த அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சாயங்காலம் என் பையன் வர்றான். அவனும் இதையேதான் கேப்பான். என்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லும்மா. கருவியைக் கழட்டி வச்சிட்டு நிம்மதியாத் தூங்கும்மான்னு சொன்னவன் அவன்தான்.”

“சரிம்மா.”

அவர் எழுந்து போனதும், அண்ணி கடைசித் தடத்தைத் துடைத்தார். பிறகு கொழுந்தனிடம் புது வாளித் தண்ணீர் கேட்டார்.

“சுவர் மொத்தத்தையும் மேல வரைக்கும் கழுவிடுவோம். எங்கெங்க துடைச்சோம்னு தெரியக் கூடாது.”