வெளிச்சம் பார்க்கப் போன முருகன்

நாரணாபுரம் சாலையில் இருக்கும் எங்கள் காலண்டர் கம்பெனிக்குப் புது ஆபீஸ் கட்டியபோது, முதலாளி அய்யாதுரை அண்ணாச்சியால் மாடியில் புல் முளைத்ததை மட்டும் தாங்க முடியவில்லை. கட்டடத்தை வரைந்தது அவர் மகள் பிரீத்திகா. மாடி முழுக்க மண் கொட்டிப் புல் வளர்த்திருந்தார். நடு ஹாலின் உச்சியில் வடக்குப் பார்த்துப் பெரிய கண்ணாடி ஜன்னல்.

“மொட்டை மாடியில புல்லா? ஆடு மேய்க்கவாத்தா ஆர்க்கிடெக்ட்டுக்குப் படிச்சே?”

“வெக்கை கீழ இறங்காதுப்பா.”

“நம்மூர்ல வெக்கை இறங்காம வேற எங்கன போவும்? வெள்ளிக்கிழமை மேல தகர ஷெட்டு போடுதோம். ஸ்டாக்கு வைக்கணும்.”

ஷெட் வந்தால் புல்லும் போகும், கண்ணாடியும் மூடிப்போகும். பிரீத்திகாவுக்கு இதுதான் முதல் கட்டடம். திறப்பு விழா மாலை வாடுவதற்குள் அதன் கதை முடியப்போகிறது.

வெள்ளிக்கிழமை தகர வண்டி வாசலில் வந்து நின்றது. கூடவே, முருகன் காலண்டருக்கு ஆர்டர் கொடுத்திருந்த தென்காசி ஜவுளிக்கடைக்காரர் செல்லச்சாமி கலர் பார்க்க வந்தார். அண்ணாச்சி தகரக்காரர்களைக் காத்திருக்கச் சொன்னார்.

எங்கள் ஊரில் கலர் பார்க்க ஒரு முறை உண்டு. அச்சான தாளை ஆபீஸுக்குள் வைத்துப் பார்க்கக் கூடாது. ட்யூப்லைட்டில் முருகனுக்கே மஞ்சள்காமாலை வந்துவிடும். தெருவுக்குத் தூக்கிப்போய், வேப்பமரத்தடியில் விரித்து, ஆர்டர் கொடுத்த பார்ட்டி தலையாட்டினால்தான் மெஷின் ஓடும்.

அண்ணாச்சி வழக்கம்போல முருகனோடு தெருவுக்கு நடந்தார். மரத்தடியில் நின்று திரும்பினால் பார்ட்டியைக் காணோம். செல்லச்சாமி நடு ஹாலில் இன்னொரு தாளை விரித்துக் குனிந்திருந்தார்.

“வெயில்ல ஏன் நிக்கீக அண்ணாச்சி? இங்கனயே தெளிவாத் தெரியுதே. மயில் கழுத்தப் பாருங்க!”

அண்ணாச்சி உள்ளே வந்து பார்த்தார். வெளியே போய்ப் பார்த்தார். மறுபடி உள்ளே. வேலில் அதே தங்கம், மயில் கழுத்தில் அதே நீலம். தெருவில் கிடந்த வெளிச்சத்தை யாரோ ஒரு சொட்டுச் சிந்தாமல் தூக்கிவந்து ஹாலில் வைத்ததுபோல இருந்தது.

“ஏலே பால்பாண்டி, புதுசா என்ன லைட்டுலே போட்டுருக்க?”

“லைட்டே போடல அண்ணாச்சி,” என்றார் மெஷின்காரர் பால்பாண்டி.

அண்ணாச்சி அண்ணாந்து உச்சிக் கண்ணாடியைப் பார்த்தார். தொழில் தொடங்கிய நாள்முதல் வெளிச்சம் தேடித் தெருவுக்கு ஓடிய மனிதர், வாய் திறந்தபடி அப்படியே நின்றார். தன் சட்டை வியர்வையில் நனையவில்லை என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உச்சி வெயில் நேரம், ஃபேன்கள் சும்மா தொங்கின. வாசலில் தகரக்காரர்கள் தகரத்தைத் தொட முடியாமல் கையில் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணாச்சி மாடி ஏறினார். நாங்களும் பின்னால் போனோம்.

புல்லுக்கு முன் நின்று செருப்பைக் கழற்றினார். ஒரு காலை வைத்தார். சுடவில்லை. நம்பாமல் மறு காலையும் வைத்தார்.

“எம்புட்டுக் குளுமை, தாயி.” கோயிலுக்குள் பேசுவதுபோல அவர் குரல் தணிந்திருந்தது.

“அப்போ ஷெட்டு?” என்றார் பிரீத்திகா.

“அத என் காரு நிக்கிற இடத்துல போடச் சொல்லு. அதுதான் வெயில்ல வேவுது.”

அளவெடுக்க மேலே வந்த தகரக்காரர்கள் கடைசிப் படியில் தயங்கினார்கள். யாரும் கழற்றச் சொல்லவில்லை. அவர்களும் செருப்பைக் கழற்றினார்கள்.