கதவின் கீழே வெளிச்சம்

"இப்போ தெரியறதா?" என்று குளியலறைக்குள்ளிருந்து பஞ்சு கேட்டார்.

பாகீரதி பாதி நறுக்கிய பீன்ஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மூடிய கதவின் அடியைக் குனிந்து பார்த்தாள். கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் நீலமாக ஏதோ மினுங்கியது.

"என்னமோ தெரியறது."

"பரவலா இருக்கா, ஒரே இடத்துல குத்தறதா?"

"குத்தறது. ஏன்னா, அடுப்புல குக்கர் இருக்கு. எனக்கு வேற வேலை இல்லையா?"

"ஒரு நிமிஷம், பாகீ. இது மஞ்சள் டார்ச். அடுத்தாப்ல கறுப்பு."

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் மின்சாரம் போயிருந்தபோது பாகீரதி மாடிப்படியில் சறுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. மும்பை மாட்டுங்காவின் அந்தப் பழைய கட்டடத்தில் படிகளுக்கு ஜன்னல் கிடையாது. பகலிலேயே தடவித்தான் ஏறவேண்டும். மாவுக்கட்டு பிரித்த அன்று பஞ்சு, வீட்டிலுள்ள ஒவ்வொரு சாவிக்கொத்திலும் ஒரு குட்டி டார்ச் இருக்கவேண்டும் என்று அறிவித்தார். கப்பல் கம்பெனிக் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்றபின் அவருக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை அதுதான்.

ஐரோலியில் ஐ.டி. கம்பெனியில் இருந்த மகன் மாதவ் போனில் சிரித்தான். "மொபைல்லயே டார்ச் இருக்கேப்பா."

"ஒரு கையில காய்கறிப் பை. இன்னொரு கை கைப்பிடியில. போனை உங்கம்மா எந்தக் கையால எடுப்பா?" என்று கேட்டு அவன் வாயை அடைத்துவிட்டார்.

அதன்பிறகு பார்சல்கள் வரத் தொடங்கின. சரிவராததைத் திருப்பி அனுப்பியதுபோக மூன்று மிஞ்சின. மஞ்சள் நிறத்தில் தட்டையாக இருந்தது ஒன்று. இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தால் எரியும், விட்டால் அணைந்துவிடும். ஒரு மாடி ஏறுவதற்குள் பாகீரதிக்குக் கட்டைவிரல் வலித்தது. கறுப்பு டார்ச்சைத் தலையைத் திருகித்தான் ஏற்ற வேண்டும், அதற்கு இரண்டு கை தேவைப்பட்டது. மூன்றாவது எஃகு. போனைப் போல சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். வாலில் ஒரு பொத்தான். ஒருமுறை அழுத்தினால் படிக்கட்டு முழுக்க வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். ஆனால் மறுபடி அழுத்தினால் மங்கும், இன்னொரு முறை அழுத்தினால் பளிச் பளிச்சென்று வெட்டும். அணைக்கவேண்டுமென்றால் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடிக்கவேண்டும். பைக்குள் தானாக எரிந்து சார்ஜ் தீர்ந்துவிடும் என்பதும் ஒரு பயம். மூன்றையும் மாற்றி மாற்றித் தன் சாவியில் கோர்த்துக்கொண்டு பஞ்சு காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் நடந்தார். ஒருநாள் அவர் சாப்பாட்டு மேஜையில் தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றையும் இடது கட்டைவிரலால், அதுவும் விரலைத் தளர வைத்துக்கொண்டு, அழுத்திப் பார்ப்பதை பாகீரதி சமையலறையிலிருந்து பார்த்தாள். தன் வலது மணிக்கட்டை அவள் ஒருமுறை தடவிக்கொண்டாள்.

ராத்திரியில் சோதிக்க முடியாது. எதிர்க் கட்டடத்து விளம்பரப் பலகையின் வெளிச்சம் இந்த வீட்டில் இருட்டை விடாது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை பகலில் குளியலறை. மேல் ஜன்னலில் பழைய நாளிதழை ஒட்டிவிட்டு, உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

"கறுப்பு எப்படி?"

"மஞ்சளுக்கு இது தேவலை."

"சரி, இப்போ கடைசி. நன்னாப் பாரு."

கதவின் கீழே வெள்ளையாக ஒரு பட்டை விரிந்தது. பாகீரதியின் கால் விரல்கள் வரை வந்து நின்றது.

"தெரியறது, தெரியறது. ரொம்ப நன்னாத் தெரியறது. இதையே வெச்சுக்கலாம், வெளில வாங்கோ."

குக்கர் கூவியது. அந்தச் சத்தத்துக்கு அடியில் உள்ளே ஏதோ விழுந்தது. சொம்பு என்று நினைத்தாள். போய் அடுப்பை அணைத்தாள். மீதி பீன்ஸையும் நறுக்கி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வெளிச்சம் அதே இடத்தில் இருந்தது. கொஞ்சம்கூட அசையவில்லை.

"போறும்னா. சார்ஜ் போயிடும்."

பதில் இல்லை. டார்ச்சோடு வந்த துண்டுச் சீட்டைப் படித்துக்கொண்டிருப்பார் என்று ஒரு கணம் தோன்றியது.

"ஏன்னா?"

கதவைத் தட்டினாள். பிறகு இரண்டு கையாலும் அடித்தாள். மணிக்கட்டு சுளீரென்றது. தரையில் படுத்து இடைவெளி வழியாகப் பார்த்தாள். வெளிச்சம் நேராகக் கண்ணில் அடித்தது. கண்ணைச் சுருக்கி, தலையை நகர்த்தி, மறுபடி பார்த்தபோது, ஈரத் தரையில் மல்லாந்து திறந்திருந்த ஒரு உள்ளங்கை தெரிந்தது.

வாசல் கதவைத் திறந்து மாடிப்படியில் நின்று கத்தியது தான்தான் என்பது அவளுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. எதிர்வீட்டு வேங்கடசுப்ரமணியன் பனியனோடு வந்தார். கீழேயிருந்து வாட்ச்மேன் சாய்நாத் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தான்.

"க்யா ஹுவா, ஆண்ட்டி?"

அவள் கதவைக் காட்டினாள். சாய்நாத் தோளால் மோதினான். மூன்றாவது மோதலில் தாழ் பிய்த்துக்கொண்டு விழுந்தது. ஆனால் கதவு திறக்கவில்லை. உள்ளே பஞ்சுவின் கால்கள் அதைத் தடுத்துக்கொண்டிருந்தன.

"மெள்ள, மெள்ளத் தள்ளுப்பா, காலு," என்றாள் பாகீரதி. "அவருக்குக் கால் வலிக்கும்."

தெருமுனையில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் ஷரீஃபுன்னிசாவை யார் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. பஞ்சுவுக்கு ரத்த அழுத்த மாத்திரை எழுதிக் கொடுப்பவர். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு மட்டும் ஓடிவந்திருந்தார். ஒருக்களித்து உள்ளே நுழைந்து, ஈரத்தில் மண்டிபோட்டு, பஞ்சுவின் மார்பை அழுத்தத் தொடங்கினார். நெடுநேரம் அழுத்தினார். அவருடைய தலைமுக்காடு நழுவித் தோளில் விழுந்தது. பிறகு நிறுத்தினார். காதில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

"லைட் இருக்கா? சின்னதா ஏதாவது?"

சாய்நாத் சட்டைப் பையில் போனைத் தேடினான். அதற்குள் டாக்டரின் கண் தரையில் எரிந்துகொண்டிருந்த எஃகு டார்ச்சின்மேல் விழுந்தது. அதை எடுத்து, பஞ்சுவின் இமையை விரலால் தூக்கிப்பிடித்து உள்ளே அடித்தார். ஒரு கண், அப்புறம் மற்றது. பாகீரதி அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். அத்தனை வெளிச்சத்துக்கும் அந்தக் கண் சுருங்கவில்லை.

டாக்டர் டார்ச்சை அணைக்கப் பொத்தானை அழுத்தினார். அது மங்கியது. மறுபடி அழுத்தினார். பளிச் பளிச்சென்று வெட்டத் தொடங்கியது. வாளி வந்து போயிற்று. ஜன்னலில் ஒட்டிய நாளிதழ் வந்து போயிற்று. பஞ்சுவின் முகம் வந்து போயிற்று, வந்து போயிற்று. வெளியே சுவிட்ச் இருந்தது. அதைப் போடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. டாக்டர் பதறி மறுபடி மறுபடி அழுத்தினார்.

"அப்படி இல்லை," என்றாள் பாகீரதி. "இங்கே கொடுங்கோ. விடாம அழுத்தணும்."

வாங்கி, வலது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். அணைந்தது.

அந்த இருட்டில்தான் டாக்டர் சொன்னார். "போயிட்டாரும்மா. விழுந்த உடனேயே போயிருப்பாரு. இதயம்தான். வலிச்சிருக்காது."

பாகீரதி தலையாட்டினாள். சமையலறைக்குப் போய், நறுக்கிய பீன்ஸைத் தண்ணீரில் அலசி, வடிதட்டில் போட்டு மூடிவைத்தாள்.

மாதவை அவளே கூப்பிட்டாள். "நான் பேசறேன் மாமி," என்று வேங்கடசுப்ரமணியன் கை நீட்டியபோதும் போனைக் கொடுக்கவில்லை.

"சொல்லும்மா," என்றான் மாதவ். பின்னால் டிவி ஓடியது. "அப்பா காலையில நாலு வீடியோ அனுப்பியிருக்கார். எல்லாம் செவுத்துல டார்ச் அடிக்கற வீடியோ. பாத்துட்டேன்னு சொல்லிடு, ப்ளீஸ். இல்லேன்னா மார்க் போடச் சொல்லுவார்."

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அம்மா? ஹலோ?"

"மாதவ், நீ கிளம்பி வா."

"ஏன், இன்னிக்கு மெகா பிளாக், டிரெயின் இருக்காது. என்னாச்சு?"

"டாக்ஸியில வா."

டிவிச் சத்தம் நின்றது. அவன் போனை வைக்கவில்லை. அவன் மூச்சுவிடுவதை அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

பகல் முழுக்க ஆட்கள் வந்தார்கள். பஞ்சுவைக் கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள். வருகிறவர்களிடம் வேங்கடசுப்ரமணியன் வாசலிலேயே சொல்லிவிடுவார். "குளிக்கப் போனார். விழுந்துட்டார். அவ்வளவுதான்." செம்பூரிலிருந்து வந்த பஞ்சுவின் தங்கை ஸ்ரீலேகா பாகீரதியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "குளிச்சுட்டே போயிருக்கான் மன்னி, அண்ணா. யாருக்குக் கிடைக்கும்?" பாகீரதி மறுக்கவில்லை. குளிக்கப் போனார் என்றால் எல்லாருக்கும் புரிந்தது. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். ஐந்தாறு பேர் சொன்னபிறகு அவளுக்கே தண்ணீர் சத்தம் கேட்டதுபோல இருந்தது.

சடங்கு செய்துவைக்கும் வாத்தியார் வந்தார். மாதவை உட்காரவைத்தார். அவன் கையில் பவித்திரம் போடுவதற்குமுன் நிமிர்ந்து பார்த்தார்.

"ஸ்நானம் பண்ணிண்டிருக்கச்சேதானே?"

"ஆமாம்," என்றார் வேங்கடசுப்ரமணியன்.

"இல்லை," என்றாள் பாகீரதி.

கூடத்தில் எல்லாரும் திரும்பினார்கள்.

"அவர் குளிக்கலை. துண்டுகூட எடுத்துண்டு போகலை."

"பின்னே?"

"டார்ச் பாத்துண்டிருந்தார். சாவியில மாட்டற டார்ச். எது நன்னா எரியறதுன்னு. குளிக்கற ரூம்லதான் இருட்டா இருக்கும்னு உள்ளே போனார். நான் வெளியில நின்னுண்டு தெரியறதா தெரியறதான்னு சொல்லிண்டிருந்தேன்."

"டார்ச்சா?" என்றாள் ஸ்ரீலேகா, அழுகை நின்றுபோய்.

"மூணு வாங்கியிருந்தார். கடைசி ஒண்ணுதான் சரியா இருந்தது. நன்னாத் தெரியறதுன்னு சொன்னேன். அவர் காதுல விழுந்ததோ என்னமோ."

அப்போது மாதவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு. அவனே அதைக் கேட்டுத் திடுக்கிட்டவன்போல வாயைப் பொத்திக்கொண்டான். அடக்க முடியவில்லை; தோள்கள் குலுங்கின. மூலையில் ஒரு கிழவர், "சிவ சிவா," என்றார். பாகீரதி மகனைப் பார்த்தாள். அவன் கண்கள் விரிந்து, பயந்துபோயிருந்தன. அவளைத் தவிர அந்த அறையில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நான் பாக்கலைம்மா," என்றான், கைக்குள்ளிருந்து. "அந்த வீடியோ எதையும் நான் பாக்கலை."

"அதுக்கென்ன," என்றாள் அவள். "வாத்தியார் காத்திண்டிருக்கார் பாரு. கையை நீட்டு."

வாத்தியார் மந்திரத்தைத் தொடங்கினார்.

உடலை எடுத்துக்கொண்டு போனபிறகு பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஒவ்வொருவராகக் குளித்தார்கள். தாழ் இல்லாத கதவை ஒருவர் மாற்றி ஒருவர் வெளியிலிருந்து பிடித்துக்கொண்டார்கள். ஜன்னலில் இருந்த நாளிதழை யாரோ கிழித்துவிட்டிருந்தார்கள். உள்ளே பகல் இருந்தது. பாகீரதி வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். வெளியில் ஸ்ரீலேகா, "மன்னி, இருக்கேளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் அவள், "இருக்கேன்," என்றாள்.

ஆண்கள் வெயில் தாழ்ந்ததும் திரும்பினார்கள். வாசலில் நின்ற மொட்டைத் தலைக்காரனை யாரென்று பார்த்துக்கொண்டே இருந்தவள், அவன் "அம்மா" என்றதும்தான் நகர்ந்து வழிவிட்டாள். சவரக்கத்தி காதுக்கு மேலே ஓரிடத்தில் கீறியிருந்தது.

எதிர்வீட்டிலிருந்து ரசமும் சாதமும் வந்திருந்தன. மாதவ் சமையலறைத் தரையில் ஃபிரிட்ஜில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டான். "போறும்" என்றோ "இன்னும்" என்றோ சொல்லவில்லை. போட்டதைச் சாப்பிட்டான். கூடத்தில் ஸ்ரீலேகா அம்பர்நாத்திலிருக்கும் சித்தப்பாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமா, பாத்ரூம்ல. இல்லை, குளிக்கலையாம்," என்று சொல்லி, அதற்குமேல் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நிறுத்திவிட்டாள்.

பாகீரதி மோர் எடுத்துக்கொண்டு திரும்பியபோது மாதவ் தூங்கியிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. வலது கை தட்டிலேயே கிடந்தது. விரல்களில் சாதம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் மோரைக் கீழே வைத்தாள். தட்டைச் சத்தமில்லாமல் நகர்த்தினாள். முந்தானையின் நுனியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகத் துடைக்க ஆரம்பித்தாள்.