சுடுதண்ணி வைக்கிறவள்

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பொய்லர்கள் என் பொறுப்பு. பெற்றோல் பிரிக்கும் பகுதியைப் பார்க்கிற பிரசாந்துக்கோ நான் "சுடுதண்ணி வைக்கிற ஆள்." வெள்ளவத்தையிலிருந்து இருவரும் ஒரே கம்பனி வான் வண்டியில்தான் வேலைக்குப் போகிறோம். வழி முழுக்க அதே பகிடி.

நேற்று மத்தியானம் கரண்ட் போய் பொய்லர் அணைந்தது. நீராவி நின்றதும், மிச்ச வாயுவை நீராவி கலந்து புகையில்லாமல் எரிக்கிற உயரக் குழாய் கரும்புகையைக் கக்கத் தொடங்கியது. மட்டக்குளிப் பக்க வானம் கறுத்துவிட்டது.

பிரசாந் ஓடி வந்தார். "ரூபிகா, கெதியாப் பத்த வையும்!"

"உள்ளுக்க நிக்கிற காஸை முதல்ல காத்தடிச்சு வெளியேத்தோணும். இல்லாட்டிப் பொய்லர் வெடிக்கும். தள்ளி நில்லுங்கோ."

"மனேஜர் கத்துறார்!"

"கத்தட்டும்."

ஜெனரேட்டரில் விசிறியை ஓட்டி, உள்ளே சுத்தமான பிறகே நெருப்பு வைத்தேன். அழுத்தம் ஏறியதும் குழாய்க்குப் போகும் நீராவியைத் திறந்தேன். கரும்புகை சாம்பல் நிறமாகி, வெளுத்து, காணாமலே போனது. முற்றத்தில் நின்றவர்கள் விசிலடித்தார்கள்.

பிரசாந் வியர்வையைத் துடைத்தார். "எங்கட பக்கத்துக்கும் கொஞ்சம் ஸ்டீம் தாருமன்."

"ஸ்டீமோ? என்னட்டச் சுடுதண்ணிதானே அண்ணா இருக்கு!"