கைநாட்டு மருமகள்

ஆனந்தமேரி காரைக்காலில் பிறந்தவள். பிரெஞ்சுக்காரன் பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் படித்தவள். வாய் தமிழ் பேசும், கை பிரெஞ்சு எழுதும். அந்த ஊரில் அது சர்வசாதாரணம். திண்டுக்கல் அருளப்பனுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகுதான் அது குற்றமாகிப் போயிற்று.

வந்த புதிதில் முனிசிபாலிட்டியிலிருந்து இங்கிலீசில் ஒரு காகிதம் வந்தது. படிக்கச் சொன்னார்கள், விழித்தாள். தமிழ்ப் பேப்பரைக் கொடுத்தார்கள். அதற்கும் எழுத்துக் கூட்டித் திணறினாள்.

"தமிழும் வராது, இங்கிலீசும் வராது. பத்து வருசமா என்னத்தப் படிச்சா? மாடு மேச்சாளா?" என்றார் மூத்தார் சவரிமுத்து. அருளப்பனின் அண்ணன், புகையிலைக் கிட்டங்கி முதலாளி. வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அன்றிலிருந்து எதற்கும் அவளுக்குக் கட்டைவிரல் மைதான். பிரெஞ்சு படித்தேன் என்று அவள் சொன்னதை அவர் நம்பவே இல்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே, "வெள்ளைக்காரன் போயாச்சு, அந்தச் சீக்கு மட்டும் போகலையா?" என்று எரிந்து விழுவார். அவளும் வாயை மூடிக்கொண்டாள். எத்தனை நாள்தான் மல்லுக்கு நிற்பது?

ஆறு வருஷம் ஓடியது. ஐம்பத்தெட்டில் ஒரு மத்தியானம் சவரிமுத்து ஒரு காகிதத்தையும் மைப்பெட்டியையும் அவள் முன்னால் வைத்தார். அருளப்பன் பக்கத்தில் நின்றான்.

"ஓட்டர் லிஸ்ட்டுல பேரு சேக்கணுமாம். விரலை வை."

காகிதத்தில் பிரெஞ்சு! கண்ணில் பட்டதும் அவளுக்கு நெஞ்சு துள்ளியது. ஊர்க்காரியைச் சந்தையில் பார்த்தமாதிரி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்திலேயே படிக்கத் தொடங்கினாள். மூன்றாவது வரியில் சட்டென்று தலையை நிமிர்த்தினாள்.

"ஓட்டா? எங்கப்பா எனக்கு எழுதி வச்ச காரைக்கால் வீட்டை விக்க உங்களுக்கு அதிகாரம் குடுக்கேன்னுல்ல இருக்கு. ஒரு மாசத்துல காலி பண்ணிக் குடுக்கணுமாம். அங்க எங்கம்மா இருக்காங்க. எழுபது வயசு. அவங்க எங்க போவாங்க?"

சவரிமுத்துவின் முகம் வெளிறிப்போயிற்று. "உனக்கு... படிக்கத் தெரியுமா?"

"இது மட்டும்தான் தெரியும்."

"தெரிஞ்சா என்னடி? இந்த வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு எங்களையே கேள்வி கேக்கியா? வைடி விரலை!"

அவள் கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். காகிதத்தின் அடியில் சாட்சிக் கையெழுத்து ஒன்று ஏற்கெனவே இருந்தது. அருளப்பனுடையது. வாய்விட்டு அழவேண்டும் போலிருந்தது, அழவில்லை.

"என்னங்க, உங்களுக்குத் தெரியுமா?"

அருளப்பன் தலையைக் குனிந்தான். "அண்ணன் போடச் சொன்னாரு. பிரெஞ்சுல இருந்துச்சு, எனக்கு எப்படிப் புரியும்?"

"அடுப்படியிலதான இருந்தேன்? கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே."

ஆனந்தமேரி காகிதத்தை நான்காக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, காரைக்காலுக்குப் போகத் துணி எடுத்து வைக்க உள்ளே போனாள்.